இருநூற்றுப் பதினேழாம் நம்பர் கட்டு

திண்டுக்கல் பேகம்பூரில் நூர் அகமதுக்கு ‘நோட்டு நூரு’ என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் பார்த்தால் எல்லாரும் மரியாதையாக நூரு பாய் என்பார்கள். கிதர் முகம்மது ராவுத்தரின் தோல் பதனிடுகிற ஷாப்பில் அவருக்கு இருபத்திரண்டு வருசமாக எழுத்து வேலை. பணம் காசை எழுதுவதற்கு வேறு ஆள் உண்டு. இவர் எழுதுவது தோலை. எந்தத் தோல் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் தூக்கினார்கள், எந்தத் தொட்டியில் இறங்கியது, எந்த லாரியில் ஏறியது என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பார்.

மூன்று நோட்டுகள் வைத்திருந்தார். வரத்து நோட்டு, தொட்டி நோட்டு, ஆள் நோட்டு. வந்து இறங்குகிற ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நம்பர் போட்டு, அதைத் தகரத் துண்டில் ஆணியால் குத்திக் கட்டிலேயே தொங்கவிடுவார். அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டால் மூன்று நோட்டிலும் புகுந்து புறப்பட்டு விடலாம். மெட்ராஸ் வியாபாரி ஒருத்தர், “போன வருசம் வந்த சரக்குல நாலு தோல் ஓட்டை” என்று மல்லுக்கு வந்தபோது, அவருக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அந்த நாலு தோலும் எந்த ஊர் ஆடு, யார் உரித்தது என்பது வரைக்கும் எடுத்து நீட்டினார் மனுஷன். வியாபாரி டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் அவருக்குத் தலைக்கனமும் இருந்தது. “எழுதாதது நடக்காதது” என்று ஆட்களை மிரட்டுவார். வீட்டில் வெஞ்சனத்தில் உப்பு கூடிவிட்டால், போன மாதம் எத்தனை தடவை கூடியது என்று மனைவி குர்ஷித் பேகத்திடம் தேதியோடு சொல்லுவார். அந்தம்மாள் தாங்கியது பெரிய விஷயம்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் எழுத மாட்டார். தர்மத்தை. ஷாப்பிலிருந்து ஒரு தோலை யாருக்காவது சும்மா கொடுத்தால் அது நோட்டில் ஏறாது. ராவுத்தரின் தகப்பனார், பெரிய முதலாளி காலத்துச் சட்டம் அது. “அதை எழுதுறதுக்கு மேல ஒருத்தன் நோட்டு வச்சிருக்கான். நாமளும் எழுதுனா பீத்திக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நூர் அகமது அதற்கு ஒரு படி மேலே போனவர். கொடுத்ததை எழுதவும் மாட்டார், வீட்டில் சொல்லவும் மாட்டார், நினைவிலும் வைத்துக்கொள்ள மாட்டார். கொடுத்த கையோடு மறந்துவிட வேண்டும் என்று மனசைப் பழக்கி வைத்திருந்தார். மகள் நர்கீஸுக்கும் சின்னதிலிருந்தே அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்.

ஐம்பத்தெட்டாம் வருசம், பங்குனி பிறந்து மூன்று நாள். நோன்பு தொடங்க இன்னும் நாலைந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஷாப்புக்கே ஜட்காவில் வந்து இறங்கினார். டாக்டர் தேடி வருகிற இடமா அது? வாசலில் உப்பு உதறிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“சோலைமுத்துன்னு ஒருத்தர் இங்க வேலை பாக்குறாரா?”

“பாக்குறான் ஐயா. கட்டுத் தூக்குற ஆளு. மூணு நாளா வரலை. ஏன், என்ன ஆச்சு?” என்றார் நூர் அகமது.

“நேத்து சாயங்காலம் கொண்டுவந்து சேர்த்தாங்க. கழுத்துல ஒரு கொப்புளம், நடுவுல கரிக்கட்டை மாதிரி கறுப்பு. முகமெல்லாம் வீங்கிப் போச்சு. நினைவு இல்லை.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அடைப்பான் நோய். ஆடு மாட்டுக்கு வர்றது. அந்த நோயில செத்த ஆட்டோட தோலைத் தூக்கியிருக்கார். கழுத்துல சிராய்ப்பு இருந்திருக்கு, அது வழியா இறங்கிருச்சு.”

தோல் தொழிலில் அந்தப் பேரைக் கேட்டு நடுங்காதவன் கிடையாது. ஒரு ஆட்டுக் கிடையில் புகுந்தால் விடிவதற்குள் பத்து ஆடு மூக்கில் கறுப்பு ரத்தத்தோடு விறைத்துக் கிடக்கும்.

“எந்தத் தோல்னு எனக்குத் தெரியணும். எந்த ஊர்ல இருந்து வந்துச்சு, வேற யார் யார் தொட்டாங்க, இப்ப அது எங்க இருக்கு. எல்லாம் இன்னைக்குள்ள வேணும். ஆரம்பத்துலயே ஊசி போட்டா பிழைச்சுக்குவாங்க. நாளைக்கு நாளான்னிக்குன்னு போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொண்ணு, அந்தக் கொப்புளம் வலிக்கவே வலிக்காது. அதனால ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. சோலைமுத்தும் அப்படித்தான் கொசுக்கடின்னு விட்டிருக்கார்” என்றார் டாக்டர்.

கிதர் முகம்மது ராவுத்தர் உள்ளேயிருந்து ஓடிவந்தவர், நூர் அகமதின் தோளைப் பிடித்துக்கொண்டார். “நூரு, இம்புட்டு வருசம் நீ எழுதுனதெல்லாம் இன்னைக்குத்தான் வேலைக்கு ஆகப் போகுது. தேடுப்பா.”

நூர் அகமது மேசையில் உட்கார்ந்து மூன்று நோட்டையும் விரித்தார். மெட்ராஸ் வியாபாரிக்குத் தேடிய அதே நோட்டுகள்தான், ஆனால் இன்றைக்கு எண்கள் கண்ணில் நிற்கவில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு ஆள் நோட்டிலிருந்து ஆரம்பித்தார். சோலைமுத்து கடைசியாக வேலைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின ஐந்து நாளில் ஷாப்புக்குப் பதினான்கு கட்டுகள் வந்திருந்தன. சோலைமுத்து தூக்கியது அதில் நாலு. இருநூற்றுப் பதிமூன்று, பதினாலு, பதினேழு, இருபது.

நாலு நம்பரையும் வரத்து நோட்டில் தேடினார். பதிமூன்றும் பதினாலும் ஒட்டன்சத்திரத்துக் கறிக்கடைத் தோல், அறுத்த ஆடு. இருபது சித்தையன்கோட்டை, அதுவும் அறுத்தது. பதினேழாம் கட்டு செவ்வாய்க்கிழமை வந்திருந்தது. சேவுகம்பட்டிப் பக்கம், நாச்சிமுத்து கிடை, வெள்ளாட்டுத் தோல் நாற்பது. அதற்கு நேரே குறிப்பு எழுதுகிற இடத்தில் அவருடைய கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: ‘நாலைந்து தோலில் கறுப்பு ரத்தம். உப்புக் கூடுதலாகப் போடவும்.’

அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார். எழுதியது அவர்தான். பார்த்து, எழுதி, மை காய ஊதிவிட்டு அடுத்த கட்டுக்குப் போயிருந்தார். எழுதினால் போதும் என்று இருந்துவிட்டாரே பாவி மனுஷன்! அந்த வரியைச் சோலைமுத்துவிடம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவன் தோளில் ஒரு சாக்கையாவது போட்டுக்கொண்டிருப்பான்.

“கிடைச்சிருச்சா?” என்றார் டாக்டர்.

“கிடைச்சிருச்சு ஐயா.” நோட்டை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார். டாக்டர் அந்த வரியைப் படித்தார். நோட்டைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினார். திட்டியிருந்தால்கூட தேவலை என்றிருந்தது நூர் அகமதுக்கு.

சேவுகம்பட்டிக்கு உடனே ஆள் போனது. கட்டைத் தொட்டவர்களை ஆள் நோட்டு சொன்னது. தூக்கியவன் சோலைமுத்து, உப்பு உதறி எண்ணித் தொட்டியில் இறக்கியவள் ஒச்சம்மாள். ஒச்சம்மாள் வாசலில்தான் நின்றாள். டாக்டர் அவள் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கொப்புளம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஊசி போட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வா என்றார். அந்தச் சுண்ணாம்புத் தொட்டியைப் பலகை போட்டு மூடச் சொன்னார்.

“நாப்பது தோலும் இதுக்குள்ளதானே இருக்கு?”

நூர் அகமது தொட்டி நோட்டைப் பார்த்தார். இருநூற்றுப் பதினேழாம் கட்டு, மூன்றாம் தொட்டி, முப்பத்தொன்பது தோல்.

“இல்லை ஐயா. ஒண்ணு குறையுது” என்றார். இருபத்திரண்டு வருசத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. நோட்டுகளை முன்னும் பின்னும் புரட்டினார். லாரியில் போகவில்லை. வேறு தொட்டியில் இறங்கவில்லை. ஓட்டை என்று கழிக்கவும் இல்லை. அடைப்பான் ஏறிய ஒரு தோல் திண்டுக்கல்லில் எங்கேயோ யார் கையிலோ இருக்கிறது, அது எங்கே என்று அவருடைய மூன்று நோட்டுக்கும் தெரியவில்லை. அப்படியொரு பயத்தை அவர் அதற்கு முன்னால் பட்டதில்லை.

பயம் கோபமாக ஒச்சம்மாள் மேல் பாய்ந்தது. “ஏம்மா, ஒழுங்கா எண்ணித் தொலைச்சியா இல்லையா? நாப்பதை முப்பத்தொம்பதுன்னு சொல்லிட்டியா?”

“என்ன பாய் இப்படிக் கேக்குறீக? எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்! முப்பத்தொம்பதுதேன் எறக்குனேன். மிச்சம் ஒண்ணை நீங்கதேன் உருவுனீக.”

“நானா?”

“ஆமா, நீங்கதேன். புதங்கெழம காலையில கட்டைப் பிரிச்சதும், மெல்லிசா ஓட்டையில்லாம ஒண்ணு குடு ஒச்சம்மான்னு நீங்கதேன் குனிஞ்சு பொறுக்குனீக. பேப்பர்ல சுத்தி வாசல்ல நின்ன பாவா கையில குடுத்தீக. நான் பாத்துக்கிட்டுத்தேன இருந்தேன்?”

நூர் அகமதுக்குக் கண்ணை மறைத்த திரை விலகியது. நோன்புக்கு முன்னால் வருசா வருசம் செய்கிற காரியம். நோன்பு நாளில் விடிவதற்கு முந்தின சஹர் சாப்பாட்டுக்குத் தெருத் தெருவாகத் தப்ஸ் என்கிற கைப்பறையை அடித்து ஜனங்களை எழுப்பும் பக்கீர் அப்துல் கையூம் பாவாவுக்கு, அந்தத் தப்ஸுக்குப் புதுத் தோல் கட்ட ஒரு பச்சைத் தோல் கொடுப்பார்கள். கொடுத்தார். எழுதவில்லை. பழக்கி வைத்தபடியே மனசும் மறந்து தொலைத்திருந்தது.

“யா அல்லாஹ்” என்று தலையில் கை வைத்தார் முதலாளி. தப்ஸுக்குப் போகிற தோலை ஊறவைத்து, மடியில் போட்டு, கத்தியால் முடி சிரைத்து, கையால் இழுத்துக் கட்ட வேண்டும். தொட்டியில் இறக்கிய தோலைவிட இதில்தான் கை அதிகம் படும்.

டாக்டர் ஒச்சம்மாளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். “அந்தப் பாவாவை எங்க இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. தோலைக் கையால தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நூர் அகமது இன்னொரு ஜட்காவைப் பிடித்தார். போகிற வழியெல்லாம் பாவாவின் முகம் வீங்கிக் கிடப்பதாகவே மனசில் வந்தது. குதிரை நகருவதாகத் தெரியவில்லை. “விரட்டுப்பா, விரட்டு” என்று வண்டிக்காரனைப் போட்டுப் பிடுங்கினார்.

பாவா பள்ளிவாசலுக்குப் பின்னால் தன் குடிசை வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, மூக்குத்தூள் போட்டுக்கொண்டு, சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

“வாங்க நூரு பாய்! என்ன இம்புட்டு அவசரம்?”

“பாவா, கையைக் காட்டுங்க. அந்தத் தோலைத் தொட்டீகளா? முடி சிரைச்சீகளா? உடம்புல எங்கயாவது கொப்புளம் கிப்புளம் இருக்கா?”

பாவா கையை நீட்டினார். கொப்புளம் இல்லை. நூர் அகமதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “தோல் எங்க பாவா?” என்று கேட்டார்.

“தோலா? அது உங்க வீட்லதானே பாய் இருக்கு!”

“எங்க வீட்லயா? எப்படி?” என்றார் நூர் அகமது.

“புதன்கிழமை உங்க வீட்ல கஞ்சி குடிக்கப் போனேன். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுல்ல, சிரைக்கையில போன வருசம் தோலைக் கிழிச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். உங்க மக நர்கீஸ்தான் குடுங்க பாவா நான் சுத்தம் பண்ணித் தாரேன்னு வாங்கிக்கிச்சு. ஒங்க அத்தாட்ட ஒரு வார்த்தை சொல்லும்மான்னேன். தர்ம காரியத்தைச் சொல்லிச் செய்யக் கூடாது, அத்தாவுக்கே அது பிடிக்காதுன்னுச்சு. தங்கமான பிள்ளை பாய்! நல்லா வளத்திருக்கீக.”

நூர் அகமது பாவாவைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு விடச் சொன்னார். வண்டி போன இரண்டு தெருவுக்குள் எத்தனை நேர்ச்சை நேர்ந்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

வீட்டில் குர்ஷித் பேகம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “என்னங்க, வேலை நேரத்துல?” என்றதற்கு நிற்காமல் கொல்லைக்கு ஓடினார். கிணற்றடி மறைவில், மரச்சட்டத்தில் ஆணியடித்து வெள்ளை வெளேரென்று அந்தத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு முடி இல்லை. அவ்வளவு நேர்த்தி! நர்கீஸ் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அத்தாவைக் கண்டதும் திருட்டு வேலை பிடிபட்ட மாதிரிச் சிரித்தாள்.

“கண்டுபிடிச்சுட்டீகளா? பாவா சொல்லிட்டாரா?”

“கையைக் காட்டு.”

“என்னத்தா?”

“கையைக் காட்டு புள்ள!”

அவர் போட்ட சத்தத்தில் நர்கீஸின் சிரிப்பு போய்விட்டது. நீளக் கை வைத்த ரவிக்கை. இடது கையை மேலே சுருட்டினாள், ஒன்றும் இல்லை. வலது கையைச் சுருட்ட யோசித்தாள். அவரே சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே காலணா அகலத்துக்கு ஒரு கொப்புளம். சுற்றிலும் சின்னச் சின்னதாக நீர் கோத்திருந்தது. நடுவில் கறுப்பு.

“ஒண்ணுமில்லத்தா. எறும்பு கடிச்சிருக்கும். வலிக்கவே இல்லை” என்றாள் நர்கீஸ்.

வலிக்கவே வலிக்காது என்று காலையில் டாக்டர் சொன்ன அதே வார்த்தை. எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று மகள் கேட்கிறாள். குர்ஷித் பேகம் முறத்தோடு வந்து நின்று, யாருக்கு என்ன என்று கேட்கிறார். நூர் அகமது மகளுக்குத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தி வண்டியில் ஏற்றினார். குர்ஷித் பேகமும் கூடவே ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அழுகைச் சத்தம் வந்தது. சோலைமுத்துவின் சம்சாரம் கருப்பம்மாள். வராந்தாவில் தரையில் கையை அடித்து அடித்து அழுதுகொண்டிருந்தாள். “கொசு கடிச்சதுன்னு சொன்னீகளே ராசா, வலிக்கலைன்னு சொன்னீகளே!” என்று அவள் சொல்லிச் சொல்லி அழுதது நர்கீஸின் காதிலும் விழுந்தது. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அத்தாவைப் பார்த்தாள்.

“அத்தா, எனக்கும் அதுதானா?”

நூர் அகமது பொய் சொல்லத் தெரியாதவர். “அதுதாம்மா. ஆனா சீக்கிரம் வந்துட்டோம்” என்றார். அந்தச் சீக்கிரம் போதுமா என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் நர்கீஸின் கையைப் பார்த்துவிட்டு உடனே பென்சிலின் ஊசி போட்டார். பாவாவுக்குப் போட்டார். குர்ஷித் பேகத்துக்குப் போட்டார். ஊசியை மறுபடி நிரப்பிக்கொண்டு நூர் அகமதைப் பார்த்தார்.

“கட்டுக்குள்ள குனிஞ்சு தோலைப் பொறுக்கினது நீங்கதானே? சட்டையைச் சுருட்டுங்க.”

காலையிலிருந்து தொட்டவர்களை நோட்டு நோட்டாகத் தேடியவர், தொட்டவர்களில் தானும் ஒருத்தர் என்பதை நினைக்கவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

முதல் இரண்டு நாள் நர்கீஸுக்குக் கை முழங்கை வரைக்கும் வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. குர்ஷித் பேகம் புருசனோடு பேசவில்லை. பேசினால் என்ன பேசியிருப்பார் என்று நூர் அகமதுக்குத் தெரியும், அதனால் அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மகளின் வீக்கம் எங்கே நிற்கிறது என்று மணிக்கு ஒரு தடவை பார்த்தார். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. நோன்பின் முதல் நாள் வீக்கம் அப்படியே இருந்தது. மூன்றாம் நோன்பன்று வீக்கம் வடிய ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “பிழைச்சுக்கிட்டா. தழும்பு மட்டும் நிக்கும்” என்றார். அப்போதுதான் நூர் அகமது அழுதார். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதார்.

தோலைச் சட்டத்தோடு சுட்டெரித்தார்கள். மூன்றாம் தொட்டியைத் தூர்த்தார்கள். அந்த வருசம் பாவா தப்ஸ் இல்லாமல் தடியால் கதவைத் தட்டித்தான் ஜனங்களைச் சஹருக்கு எழுப்பினார்.

பெருநாள் முடிந்து ஷாப்புக்கு வந்த அன்று நூர் அகமது நாலாவதாக ஒரு நோட்டு போட்டார். முதலாளி எட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பதினேழாம் நம்பர் கட்டு, ஒரு தோல், தப்ஸுக்கு என்று எழுதியிருந்தது.

“நூரு, தர்மத்தை எழுதுறியா? எங்க அத்தா இருந்தா ஒத்துக்குவாரா?”

“கொடுத்தவுக பேரை எழுத மாட்டேன் முதலாளி. அது மேல இருக்குறவன் நோட்டுலயே இருக்கட்டும். தொட்டவுக பேரை நான் எழுதிக்கிறேன்.”

முதலாளி உள்ளே போனார். வாசலில் உப்பு உதறுகிற இடத்தில், ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில், புருசனைப் பறிகொடுத்த கருப்பம்மாள் வேலைக்கு வந்து நின்றாள். அன்றைக்கு முதல் கட்டு வந்து இறங்கியதும் நூர் அகமது மேசையை விட்டு எழுந்து போய், குறிப்பில் எழுதியதை இரண்டு பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கட்டைப் பிரிக்க விட்டார். வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் அப்படித்தான் செய்தார்.

திரும்பி வந்து நாலாவது நோட்டில் விட்ட இடத்திலிருந்து எழுதினார். தொட்டவர்கள்: சோலைமுத்து, ஒச்சம்மாள், அப்துல் கையூம், நர்கீஸ். அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதிவிட்டு மை காயக் காத்திருந்தார்.